இன்ஸ்பெக்‌ஷன் நாளில் நல்ல பிள்ளை!

பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் நாள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரும்பலகை பளபளக்கும். சுவரில் புதிதாக நாலு சார்ட் தொங்கும். கடைசி பெஞ்சில் எப்போதும் பேசிக்கொண்டிருப்பவன்கூட அன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதிகாரியின் ஜீப் கேட்டைத் தாண்டியதும் பழைய கதைதான். சில மொபைல் ஆப்களும் இந்த வித்தையைக் கற்றுவைத்திருக்கின்றன. பரிசோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் நல்ல பிள்ளை. நம் கைக்கு வந்த பிறகு வேறு முகம்.

2019 ஜனவரியில் டிரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் அப்படிப்பட்ட இரண்டு ஆப்களைப் பிடித்தது. ஒன்று, வெளிநாட்டுப் பணத்தின் மதிப்பைக் கணக்கிட்டுச் சொல்வது. இன்னொன்று, பேட்டரியை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொன்ன 'பேட்டரி சேவர் மொபி'. இரண்டுமே கூகுள் பிளே ஸ்டோரிலேயே கிடைத்தவை. பேட்டரி ஆப்பை 5,000 பேருக்கு மேல் இறக்கியிருந்தார்கள். நட்சத்திர மதிப்பெண்ணும் பிரமாதம். உள்ளே ஒளிந்திருந்ததோ அனுபிஸ் என்ற வங்கித் திருட்டு மால்வேர். நாம் டைப் செய்வதைக் குறித்துக்கொள்ளும், ஸ்கிரீனைப் படம்பிடிக்கும், வங்கி பாஸ்வேர்டைக் கறந்துவிடும். ஆனால், இறக்கியவுடன் அது எதுவும் செய்யாது. முதலில் போனின் அசைவு சென்சாரைப் பார்க்கும். போன் கொஞ்சமாவது ஆடுகிறதா, நகர்கிறதா? ஆடவில்லை என்றால், பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டு சமர்த்தாக இருந்துவிடும்.

ஏன் அசைவைப் பார்க்க வேண்டும்? நம் போன் சட்டைப்பையில் இருக்கும், பஸ்ஸில் குலுங்கும், குழந்தை கையில் சிக்கித் தலைகீழாகத் தொங்கும். பரிசோதனைக்கூடத்துப் போனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏனென்றால், அது பெரும்பாலும் போனே கிடையாது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு நிரல், போன் மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நடிகனின் பெயர்தான் எமுலேட்டர். வந்து குவியும் ஆப்களை எல்லாம் நிஜப் போனில் ஏற்றி, விரலால் தொட்டுத்தொட்டுப் பார்க்க ஆள் போட்டுக் கட்டுப்படியாகாது. ஒரே சர்வரில் டஜன் கணக்கில் எமுலேட்டர்களை ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஆப்பைப் போட்டு வேவு பார்ப்பதுதான் நடைமுறை.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. தமிழில் ஆப்-ஐயும் 'செயலி' என்கிறோம், பிராசஸரையும் 'செயலி' என்கிறோம். 'இந்தச் செயலி அசல் செயலியில் ஓடுகிறதா என்று செயலி எப்படிக் கண்டுபிடிக்கிறது?' என்று எழுதினால் நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் ஒன்றை ஆப் என்றும், மற்றொன்றை சிப் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

போன்களில் இருப்பது பெரும்பாலும் ஆர்ம் வகை சிப். லேப்டாப், சர்வர்களில் நெடுங்காலமாக இருப்பது இன்டெல், ஏஎம்டி வகை. இரண்டுக்கும் பாஷை வேறு. போனுக்கு எழுதிய கட்டளைகளை இன்டெல் சிப்பிடம் நேரடியாகக் கொடுத்தால் அது திருதிருவென்று முழிக்கும். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 2003-ல் ஃபிரான்ஸைச் சேர்ந்த ஃபேப்ரிஸ் பெல்லார்ட் எழுதி வெளியிட்ட 'க்யூஇஎம்யூ' அப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர். ஆண்ட்ராய்டு ஆப் எழுதுபவர்களுக்கு கூகுள் தரும் எமுலேட்டரின் அடித்தளமும் அதுதான். டெல்லித் தலைவர் பொதுக்கூட்டத்தில் இந்தியில் பேச, பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொல்வாரே, அந்த வேலை. விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால், கூர்ந்து கேட்பவருக்கு இது நேரடிப் பேச்சு இல்லை என்று தெரிந்துவிடும் இல்லையா? ஆப்கள் செய்வதும் அந்தக் கூர்ந்து கேட்கும் வேலைதான்.

முதலில் எளிய வழிகள். கூகுளின் எமுலேட்டருக்குள் இருக்கும் போலி வன்பொருளுக்குப் பொறியாளர்கள் வைத்த செல்லப்பெயர் 'கோல்ட்ஃபிஷ்'. பிறகு வந்த பதிப்புக்கு 'ராஞ்சு'. அதுவும் ஒரு வகைத் தங்கமீன்தான். ஓர் ஆப், 'இந்தப் போனின் வன்பொருள் பெயர் என்ன?' என்று கேட்டு, 'கோல்ட்ஃபிஷ்' என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது. அந்தப் போனின் நம்பரைக் கேட்டால் 15555215554 என்று வரும். ஐஎம்இஐ எண்ணைக் கேட்டால், பழைய எமுலேட்டர்கள் வரிசையாகப் பூஜ்யங்களைக் கொடுக்கும். பேட்டரி எப்போது பார்த்தாலும் ஒரே அளவில் நிற்கும். எந்த வீட்டுப் போனில் பேட்டரி இறங்காமல் நிற்கிறது?

இவை எல்லாம் வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. பரிசோதிப்பவர் பலகையை மாற்றிவிடலாம். நம்பரை மாற்றலாம், பேட்டரியை இறங்கவைக்கலாம், சென்சாருக்குப் பொய்யாக ஒரு பஸ் பயணத்தைக்கூடக் காட்டலாம். அதனால் கெட்டிக்கார நிரல்கள் பலகையைப் படிப்பதோடு நிற்பதில்லை. சிப்பையே உரசிப் பார்க்கின்றன. நகைக்கடை ஆசாரி உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது போல.

ஓர் உரசல், நேரம். மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்றால் பேச்சு நீளும்தானே? அசல் சிப் ஒரே அடியில் முடிக்கும் கட்டளைக்கு எமுலேட்டர் பல அடிகள் வைக்கும். அதிலும், எல்லாக் கட்டளைக்கும் ஒரே மாதிரித் தாமதம் இருக்காது. சாதாரணக் கூட்டல் வேகமாக நடந்துவிடும். அபூர்வமாக வரும் ஒரு கட்டளைக்கு மட்டும் எமுலேட்டர் திணறும். அசல் சிப்பில் இந்த இரண்டுக்கும் இருக்கும் விகிதமும் இங்கே இருக்கும் விகிதமும் ஒத்துப்போகாது. 'கடிகாரத்தையே ஏமாற்றிவிட்டால்?' என்று கேட்கலாம். ஏமாற்றலாம். அப்போது நிரல் இன்டர்நெட்டில் வேறு யாரிடமாவது மணி கேட்கும்.

இன்னொரு உரசல் கொஞ்சம் நுணுக்கமானது. க்யூஇஎம்யூ ஒவ்வொரு கட்டளையாக மொழிபெயர்ப்பதில்லை. அது ரொம்ப மெதுவாகிவிடும். ஒரு கொத்துக் கட்டளைகளை எடுத்து, மொத்தமாக மாற்றி, மொத்தமாக ஓட்டும். மேடையில் தலைவர் ஒரு பத்தி முழுக்கப் பேசிய பிறகு மொழிபெயர்ப்பாளர் ஆரம்பிப்பதுபோல. ஆனால், போனுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும். ஒன்றை நிறுத்திவைத்து அடுத்ததைக் கவனிக்க வேண்டும். அசல் சிப் எந்தக் கட்டளையில் வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குத் தாவும். எமுலேட்டரோ கொத்து முடியும் இடத்தில்தான் நிற்கும். ஆப் தன்னை எங்கெங்கே நிறுத்தினார்கள் என்று கொஞ்ச நேரம் குறித்துப் பார்க்கும். கண்டபடி எல்லா இடத்திலும் நின்றிருந்தால் அசல். ஒழுங்காக, குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே நின்றிருந்தால், நடுவில் யாரோ இருக்கிறார்கள்.

ஒழுங்காக இருந்தால் நகல், ஒழுங்கில்லாமல் இருந்தால் அசல். இந்த விஷயத்தின் மொத்தச் சுவாரஸ்யமும் இங்கேதான் இருக்கிறது என்பேன். அடுத்து வருவது இன்னும் அழகு.

சமையல்கட்டில் அம்மா ஒரு நோட்டில் செய்முறை எழுதிவைத்திருக்கிறார். சமைப்பவர் அடிக்கடி நோட்டைப் புரட்ட முடியாது என்று, அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொள்கிறார். நடுவில் அம்மா நோட்டை எடுத்து, 'உப்பு 2 ஸ்பூன்' என்பதை அடித்துவிட்டு, '1 ஸ்பூன்' என்று திருத்துகிறார். சீட்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. சாம்பாரில் விழுவது எத்தனை ஸ்பூன்? பழையபடி இரண்டுதான்.

ஆர்ம் சிப்பில் இப்படி இரண்டு தனித்தனி அவசர நினைவகங்கள் உண்டு. கட்டளைகளுக்கு ஒன்று, தகவல்களுக்கு ஒன்று. ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னுடைய கட்டளை ஒன்றைத் திருத்தி எழுதினால், அது தகவல் பக்கத்து நினைவகத்துக்குப் போகும். கட்டளைப் பக்கத்துச் சீட்டில் பழையதே இருக்கலாம். 'சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுது' என்று நிரல் தெளிவாகச் சொன்னால்தான் மாறும். சொல்லாவிட்டால், அசல் போன் பல சமயம் பழைய கட்டளையையே நிறைவேற்றிவிடும். எமுலேட்டரில் அந்தச் சீட்டே கிடையாது. அது எப்போதும் நோட்டையே பார்க்கும். திருத்தியவுடன் புதியதைச் சரியாகச் செய்துவிடும். ஆகவே, ஆப் வேண்டுமென்றே ஒரு கட்டளையைத் திருத்திவிட்டு, சீட்டைப் பற்றி வாயைத் திறக்காமல், என்ன நடக்கிறது என்று பார்க்கும். சில தடவை உப்பு கரித்தால் நிஜப் போன். ஒவ்வொரு தடவையும் ருசி சரியாக இருந்தால் சந்தேகம். ஆண்ட்ராய்டு எமுலேட்டர்களை இந்த வழியிலும், முன்பு சொன்ன 'எங்கே நிறுத்துகிறது' வழியிலும் காட்டிக்கொடுக்க முடியும் என்று 2014-ல் ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டினார்கள்.

அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே ஒரு விளையாட்டு கேசட்டில் இதன் தாத்தா இருந்தது. 2004-ல் நின்டெண்டோ, தன் பழைய வீடியோ கேம்களைக் கையடக்கமான 'கேம் பாய் அட்வான்ஸ்' கருவிக்காக 'கிளாசிக் நெஸ்' என்ற வரிசையில் மறுபடி வெளியிட்டது. கேசட்டைக் காப்பியடித்து கம்ப்யூட்டரில் எமுலேட்டர் வைத்து ஆடுபவர்களை மடக்க அதற்குள் பல பொறிகள். அந்தக் கருவியின் சிப், ஒரு கட்டளையைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த இரண்டைக் கையில் எடுத்துத் தயாராக வைத்திருக்கும். கேம் என்ன செய்யும் என்றால், அடுத்து வரப்போகும் கட்டளையை நினைவகத்தில் சட்டென்று மாற்றி எழுதிவிடும். அசல் சிப் ஏற்கெனவே பழையதைக் கையில் வைத்திருப்பதால் அதையே செய்யும்; ஆட்டம் தொடரும். அரைகுறை எமுலேட்டர் புதியதை எடுத்துச் செய்யும், போய் விழும். கேசட்டில் கோளாறு என்று ஒரு செய்தி திரையில் வந்து நின்றுவிடும். கேம் வெளியாகிப் பத்து ஆண்டு கழித்து, 'எம்ஜிபிஏ' என்ற எமுலேட்டரை எழுதியவர் இந்தப் பொறிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து எழுதிவைத்தார். அதன் பிறகு அவருடைய எமுலேட்டரில் அந்தப் 'பழையதைச் செய்யும்' குணத்தையும் சேர்த்துக்கொண்டார்.

அசலைத் தப்பால் அடையாளம் காண்பதற்கு இன்னொரு புகழ்பெற்ற உதாரணமும் இருக்கிறது. 1994-ல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இன்டெலின் புத்தம்புதிய பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுவதைக் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். அந்த பென்டியத்தில் 1.33374 என்று வந்தது. சிப்பை மாற்றிக் கொடுத்த வகையில் இன்டெலுக்கு 47.5 கோடி டாலர் செலவு. அதன் பிறகு லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே இந்த மாதிரிக் கணக்கு ஒன்றைக் கொடுத்துச் சோதித்தன. தப்பாகப் போட்டால், இது அந்தப் பழைய பென்டியம். எமுலேட்டர் எழுதுபவரோ புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறார். புத்தகத்தில் வகுத்தல் சரியாகத்தான் இருக்கிறது!

புத்தகத்தில் இல்லாதது தப்பு மட்டுமல்ல, குறும்பும்தான். ஏஎம்டி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட சிப் குடும்பத்துக்கு உள்வட்டத்தில் 'ஹாமர்' என்று பெயர். சிப்பிடம் 'நீ யார்?' என்று கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. அதையே ஒரு விசித்திரமான எண்ணோடு சேர்த்துக் கேட்டால், ராப் பாடகர் எம்.சி.ஹாமரை நினைவுபடுத்தும் ஒரு ஜோக்கை அந்தச் சிப் பதிலாகத் தரும். எவரோ ஒரு பொறியாளர் ஜாலியாகச் செதுக்கிவைத்தது. 2007-ல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதையே ஒரு சோதனையாகக் காட்டினார்கள். க்யூஇஎம்யூ 'நானும் ஏஎம்டிதான்' என்று சொல்லும். ஆனால், அதற்கு அந்த ஜோக் தெரியாது. சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு கல்யாணத்துக்கு வருபவனிடம், தாத்தாவின் பட்டப்பெயரைக் கேட்டது போல.

மொழிபெயர்ப்பே இல்லாத இன்னொரு வகையும் உண்டு. விர்ச்சுவல் மெஷின். அசல் சிப் ஒன்றுதான். அதில் இரண்டு மூன்று இயங்குதளங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்தும். இங்கே வேறு தடயம். 2004-ல் போலந்தைச் சேர்ந்த ஜோனா ருட்கோவ்ஸ்கா 'ரெட் பில்' என்று ஒரு குட்டி நிரலை வெளியிட்டார். பெயர், 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் வரும் சிவப்பு மாத்திரை. இயங்குதளம் வைத்திருக்கும் முக்கியமான ஓர் அட்டவணை நினைவகத்தில் எந்த முகவரியில் இருக்கிறது என்று ஒரே கட்டளையில் கேட்டது அது. வீட்டுக்காரர் அந்த முகவரியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டதால், குடித்தனக்காரருக்கு வேறு முகவரி. அதிலேயே குட்டு வெளிப்பட்டது. இப்போது இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. 'நீ யார்?' என்று கேட்டால் பல விர்ச்சுவல் மெஷின்கள் தாங்களே பெயரைச் சொல்லிவிடும். நிறுவனங்களின் சர்வர்கள் ஏராளமாக விர்ச்சுவல் மெஷின்களில்தான் ஓடுகின்றன. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. திருட்டு நிரல்களும் இதனால் யோசிக்கின்றன. விர்ச்சுவல் மெஷினைக் கண்டாலே ஓடினால், பெரிய பெரிய கல்லாப்பெட்டிகளையும் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்குமே!

எல்லாக் குறைகளையும் அடைத்து, கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றைச் செய்துவிட முடியாதா? ஸ்டான்ஃபோர்டு, விஎம்வேர், கார்னகி மெலன் என்று பல இடங்களைச் சேர்ந்த நால்வர் 2007-ல் இதற்கு ஒரு கட்டுரையில் பதில் சொன்னார்கள். நடைமுறையில் முடியாது என்பது அவர்கள் கட்சி. எமுலேட்டர், விர்ச்சுவல் மெஷின் போன்றவற்றைச் செய்பவர்களின் குறிக்கோள், நிரல்கள் தடங்கலின்றி ஓட வேண்டும் என்பது. நிரலுக்குத் தெரியவே கூடாது என்பது முற்றிலும் வேறு குறிக்கோள். அதற்காக வேகத்தைப் பலிகொடுக்க யாரும் தயாரில்லை. எனக்கு இது சரியாகவே படுகிறது. ஒரு சிப்பின் தாமதம், தடுமாற்றம், தப்பு, ஜோக் எல்லாவற்றையும் அச்சு அசலாக நடிக்க வேண்டுமென்றால், அந்தச் சிப்பையே வாங்கிவிடலாம்.

சிப்பை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்தாலே போதும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2012-ல் கூகுள், தன் ஸ்டோருக்கு வரும் ஆப்களைச் சோதிக்க 'பவுன்சர்' என்ற காவலாளியை வைத்திருப்பதாக அறிவித்தது. சில மாதங்களிலேயே ஜான் ஓபர்ஹைட், சார்லி மில்லர் என்ற இரண்டு பாதுகாப்பு நிபுணர்கள் ஒரு வேவு ஆப்பை அனுப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். க்யூஇஎம்யூ-வில் ஓடும் போலிப் போன்கள். போட்டோ ஆல்பத்தில் மொத்தம் இரண்டே படங்கள்: ஒரு பூனை, ஒரு லேடி காகா. திருட்டு ஆப் வந்தால் இவற்றைத் திருடுகிறதா என்று பார்க்க வைத்த தூண்டில். ஆனால், 'குட் மார்னிங்' ரோஜாப்பூ படம் ஒன்றுகூட இல்லாத போன் எந்த ஊரில் இருக்கிறது? 2017-ல் இதையே வேறு ஆராய்ச்சியாளர்கள் முறையாகச் செய்து பார்த்தார்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு புழங்கியிருக்கிறது என்பதை மட்டும் கணக்கெடுத்தார்கள்: பழைய பிரௌசர் குப்பைகள், நீக்கிய மென்பொருள்கள் விட்டுப்போன மிச்சங்கள், போய்வந்த தளங்களின் தடயங்கள். சிப்பைத் தொடாமலேயே, குடித்தனம் நடந்த வீடா, வெள்ளையடித்துப் பூட்டிவைத்த வீடா என்று பிரித்துவிட முடிந்தது.

இதுவரை திருடன் பக்கத்துக் கதை. இதே வித்தை காவல்காரர் கையிலும் இருக்கிறது. 'பப்ஜி மொபைல்' ஆட்டத்தில், கம்ப்யூட்டரில் எமுலேட்டர் வைத்து மவுஸும் கீபோர்டுமாக ஆடுபவருக்கு முன்னால், கட்டைவிரலால் ஆடும் பையன் என்ன செய்வான்? அதனால் எமுலேட்டர்காரர்களைக் கண்டுபிடித்து, அவர்களை அவர்களுக்குள்ளேயே மோதவிட்டார்கள். பையன்கள் இதைச் சண்டை போட்டே தெரிந்துகொண்டிருப்பார்கள்.

வங்கிகளின் கவலை இன்னும் பெரிது. 2020 டிசம்பரில் ஐபிஎம் பாதுகாப்புப் பிரிவு ஒரு கும்பலைப் பற்றி வெளியிட்டது. சுமார் 20 எமுலேட்டர்கள்தான். அவற்றைக்கொண்டு, ஏற்கெனவே விவரங்கள் திருடப்பட்ட 16,000-க்கும் மேற்பட்ட போன்களைப் போல வேஷம் கட்டினார்கள். வங்கி பார்த்தால் வாடிக்கையாளரின் வழக்கமான போன் மாதிரியே இருக்கும். அமெரிக்கா, ஐரோப்பாவில் சில நாள்களிலேயே பல மில்லியன் டாலர்களை உருவினார்கள். லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு வங்கி ஆப்பைத் திறந்தால் 'இந்தச் சாதனத்தில் இயங்காது' என்று முகத்தில் அடித்தாற்போல வருகிறதே, அதன் பின்னணி இதுதான்.

உரசிப் பார்ப்பதில் என்றைக்கும் ஏமாற வாய்ப்பு உண்டு என்பதால், இப்போது கையெழுத்துக் கேட்கும் முறை வந்துவிட்டது. போனைத் தயாரிக்கும்போதே சிப்புக்குள் ஒரு ரகசியச் சாவியைப் பூட்டிவைக்கிறார்கள். வெளியே எடுக்க முடியாதபடி அமைத்தது. வங்கி ஆப் கேட்டால், அந்தச் சாவியால் கையெழுத்திட்ட சான்று வரும். கூகுளின் 'பிளே இன்டெக்ரிட்டி' அதைச் சரிபார்த்து, இது அசல் போன், இது எமுலேட்டர் என்று பதில் சொல்லும். எமுலேட்டரிடம் சாவி கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. கம்பெனி அப்டேட் நிறுத்திவிட்ட பழைய போனில், 'லீனியேஜ் ஓஎஸ்' போன்ற மாற்று இயங்குதளத்தைப் போட்டு இன்னும் நாலு வருஷம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது அசல் போன், அசல் சிப். பாதுகாப்பு அப்டேட்கூடப் புதிதாக இருக்கலாம். ஆனாலும் இந்தச் சோதனையில் தோற்று, வங்கி ஆப் திறக்காமல் நிற்பது அவர்கள்தான். எமுலேட்டரைத் தடுக்கப் போட்ட வேலி, பழைய போனைத் தூக்கியெறியச் சொல்லும் வேலியாகவும் ஆகிவிடுகிறது.

நம் போனுக்கு வருவோம். ஸ்டோரில் இருக்கிறது, ஸ்கேன் செய்தாயிற்று, நட்சத்திரம் நாலரை என்பதெல்லாம், இன்ஸ்பெக்‌ஷன் நாளில் ஒழுங்காக இருந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. அனுபிஸ் போன்றவை நம் கைக்கு வந்த பிறகு, 'சிஸ்டம் அப்டேட்' என்று பொய்யாக ஒரு திரையைக் காட்டி இன்னொரு ஆப்பை ஏற்றச் சொல்லும். பிறகு 'அக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்வது போன்ற உதவிகளுக்காக வைத்த அனுமதி அது; கொடுத்தால், அந்த ஆப் உங்கள் திரையைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தலாம். பேட்டரி ஆப்புக்கோ டார்ச் லைட்டுக்கோ அது எதற்கு? செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பக்கத்தைத் திறந்தால், யார் யாருக்கு அதைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பட்டியல் இருக்கும். அம்மா, அப்பா போனிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

திருடனின் இந்தப் பயத்தையே அவனுக்கு எதிராகத் திருப்ப முடியுமா? தெரியாமலேயே ஒருமுறை அது நடந்தது. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த மால்வேர், வேலையைத் தொடங்கும் முன் வாயில் நுழையாத ஓர் இணையதள முகவரியைக் கூப்பிட்டுப் பார்ப்பதை மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இங்கிலாந்து இளைஞர் கவனித்தார். அப்படி ஒரு தளம் உலகத்தில் இல்லை. கண்காணிக்கலாம் என்று 10.69 டாலர் கொடுத்து அந்தப் பெயரைத் தன் பேரில் பதிவு செய்தார். பரவல் நின்றுவிட்டது. அது ஏன் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம்: சில பரிசோதனைக்கூடங்களில் எந்த முகவரியைக் கூப்பிட்டாலும் பதில் வரும்படி வைத்திருப்பார்கள். இல்லாத தளத்திலிருந்து பதில் வந்தால் தான் இருப்பது லேப் என்று புரிந்துகொண்டு அடங்கிவிட வேண்டும், என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். தளம் நிஜமாகவே முளைத்ததும், அதன் கண்ணுக்கு உலகமே லேப் ஆகிவிட்டது.

இதையே வேண்டுமென்று செய்யும் யோசனைக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் பெயர், சோளக்கொல்லை பொம்மை. அசல் கம்ப்யூட்டருக்கே எமுலேட்டர் வேஷம் போட்டுவிடுவது. பரிசோதனைக்கூடத்தில் மட்டும் இருக்கும் ஃபைல் பெயர்கள், ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும் சில போலி நிரல்கள், இப்படி அங்கங்கே தூவிவைத்தால், வந்து எட்டிப் பார்க்கும் மால்வேர் 'அடடா, இன்ஸ்பெக்‌ஷன்' என்று கையைக் கட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் இது ஓரளவு வேலை செய்கிறது. போனிலும் அப்படி ஒரு பொம்மையை நட்டுவைக்கலாமே என்று தோன்றும். நட்டுவைத்தால், பயந்து ஓடுகிற முதல் பறவை உங்கள் வங்கி ஆப்பாக இருக்கும்.